படத்தில் நிற்பது எந்தப் பீரங்கி?



பீரங்கிகளைப் பற்றி ஒரு குருவானவர் எழுதுவானேன் என்று உங்களுள் சிலர் வியக்கக்கூடும். இரண்டு காரணங்கள் உண்டு. நாம் குடியேறி வாழும் இந்த எசன் நகரை உலகம் நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பீரங்கிகளின் பிறப்பிடமாகவே அறிந்திருந்தது என்பது முதலாவது. இரண்டாவது காரணம் நம்முடைய சொந்தப் படங்களைப் பற்றியது. அதனை இறுதியில் சொல்கிறேன். பொறுமையோடு வாசியுங்கள்.

பழைய போர்க்காலப் புகைப்படங்களைக் கையில் எடுத்து, அவற்றில் நிற்பது எந்தப் பீரங்கி, எங்கே வார்க்கப்பட்டது, எந்தக் கரையைக் காத்தது என்று கண்டறிவதையே வாழ்நாள் முயற்சியாகக் கொண்டோர் ஐரோப்பாவில் உள்ளனர். அவர்களுக்குக் கடினமான பாடங்களுள் ஒன்று ரஷ்யாவின் கரையோரப் பீரங்கிகள். அவை ஓர் அரசின் கையில் நிலைத்திருந்தவை அல்ல. 1917இல் பேரரசு சரிந்தபோது பின்லாந்தின் தீவுகளில் இருந்தவை பின்லாந்துக்கு உரியவையாயின. அடுத்த போரில் கைப்பற்றப்பட்டவை ஜேர்மன் கொடியின் கீழ்ச் சுட்டன. ஆகவே படத்தில் நிற்கும் சிப்பாயின் சீருடையைப் பார்த்துப் பீரங்கியின் நாட்டைச் சொல்ல முற்படுவோர் எளிதில் வழுவுவர்.

ரஷ்யப் பீரங்கிக்கும் எசனுக்கும் உள்ள உறவு பழையது. 1851இல் இலண்டனில் நடைபெற்ற உலகப் பொருட்காட்சிக்கு அல்பிரட் குருப் இங்கிருந்து ஒரு மாபெரும் உருக்குப் பாளத்தையும், மெருகிட்ட உருக்குப் பீரங்கி ஒன்றையும் அனுப்பினார். வெண்கலத்தையும் வார்ப்பிரும்பையும் மட்டுமே நம்பியிருந்த படைத்தலைவர்கள் அதனை வியந்து பார்த்தனர், வாங்கத்தான் தயங்கினர். 1860களில் ரஷ்யப் பேரரசு குருப்பின் பெரும் வாடிக்கையாளராயிற்று. கடற்கரைக் கோட்டைகளுக்கான பெரிய பீரங்கிகள் எசனிலிருந்து புறப்பட்டன. அதே காலத்தில், 1863இல், சென் பீற்றர்ஸ்பேர்க்கில் ஒபுகோவ் உருக்காலை நிறுவப்பட்டது. குருப்பின் முறையைத் தழுவிய குழல்கள் அங்கேயும் உருவாயின. எனவே பழைய ரஷ்யக் கரையோரப் பீரங்கியின் உடலில் எசனின் கைவண்ணத்தை இன்றும் காணலாம்.

அந்தக் கைவண்ணம் எங்கே தெரியும்? குழலின் பின்பக்கத்தில். எறிகணையையும் வெடிமருந்தையும் உள்ளே தள்ளியபின் அந்த வாயை மூடியாக வேண்டும். குருப்பின் முறையில், குழலின் பின்பகுதியில் குறுக்காக ஒரு துளை வெட்டப்பட்டிருக்கும். அதற்குள் உருக்கு ஆப்பு ஒன்று பக்கவாட்டில் வழுக்கி நுழைந்து வாயை அடைக்கும். பிரெஞ்சுக்காரரின் முறை வேறு. இடையிடையே மரை நீக்கப்பட்ட ஒரு தடித்த திருகை நேராக நுழைத்துச் சிறிதளவு திருப்பினால் அது பூட்டிக்கொள்ளும். திறக்கும்போது கதவைப்போலக் கீலில் ஒருபுறம் விலகி நிற்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ரஷ்யர் பிரெஞ்சுப் பொறியியலாளர் குஸ்தாவ் கனேயின் 152 மில்லிமீற்றர் பீரங்கியை ஏற்றுக்கொண்டனர். அதன்பின் திருகு முறையே அங்கு ஓங்கியது. ஆகையால் படத்தில் குறுக்குத் துளை தெரிந்தால் ஆராய்வோர் எசனின் மரபை நினைப்பர். கீலில் தொங்கும் வட்டக் கதவு தெரிந்தால் பின்வந்த தலைமுறையை நினைப்பர்.

குருப்பின் சின்னமான மூன்று வளையங்களைப் பீரங்கி வாய்கள் என்று கருதுவோர் பலர். உண்மையில் அவை பொருத்து இல்லாமல் உருவாக்கப்பட்ட புகையிரதச் சக்கரப் பட்டைகள். 1875இல் அவை வணிகச் சின்னமாயின. நம் கண்ணெதிரே இருக்கும் ஒரு சின்னத்தையே நாம் தவறாக வாசிக்கக்கூடும் என்றால், எண்பது ஆண்டு பழைய மங்கிய படத்தை வாசிக்க எவ்வளவு நிதானம் வேண்டும்!

ஆராய்வோர் கையாளும் ஒழுங்கு எளிமையானது. முதலில் எண்ணுவர்: ஒரு கவசக் கோபுரத்தில் எத்தனை குழல்கள்? அடுத்து அளப்பர். குழலின் நீளத்தை அதன் வாய்விட்டத்தின் மடங்காகச் சொல்வது பீரங்கித் தொழிலின் வழக்கம். ரஷ்யரின் புகழ்பெற்ற 305 மில்லிமீற்றர் பீரங்கியின் நீளம் 52 மடங்கு. அதாவது ஏறத்தாழ 16 மீற்றர். குழல் கமராவை நோக்கித் திரும்பியிருந்தால் நீளம் குறைந்து தோன்றும். அப்போது அருகில் நிற்கும் மனிதனின் உயரமே அளவுகோல். பின்னர் பீரங்கியைத் தாங்கும் பீடம், கவசத்தின் விளிம்பு, சுற்றியுள்ள நிலம், கடலின் திசை ஆகியவற்றைக் காண்பர். சீருடையை அதற்குப் பின்னரே கவனிப்பர். படத்தின் அடியில் எழுதப்பட்டிருக்கும் குறிப்பை எல்லாவற்றுக்கும் கடைசியாகவே வாசிப்பர். குறிப்பு பொய் என்பதனாலன்று. அதனை முதலில் வாசித்த கண், படத்தில் இல்லாததையும் காணத் தொடங்கிவிடும் என்பதனால்.

இந்த ஒழுங்கு எவ்வாறு பயன்படுகிறது என்பதற்குக் கிரிமியாவின் செவஸ்தபோல் நல்ல சான்று. அந்நகரைக் காத்த கரையோரப் படைநிலைகளுள் 30ஆம் இலக்கமும் 35ஆம் இலக்கமும் மிகப் பெரியவை. ஒவ்வொன்றிலும் இரண்டு கவசக் கோபுரங்கள். ஒவ்வொரு கோபுரத்திலும் இரண்டு 305 மில்லிமீற்றர் குழல்கள். ஜேர்மனியர் இவற்றுக்கு ‘மக்சிம் கோர்க்கி’ என்று தாமே பெயரிட்டு அழைத்தனர். 1942 யூனில் 30ஆம் படைநிலை வீழ்ந்தபின், சிதைந்த கோபுரத்தின் மேல் நின்று ஜேர்மன் படையினர் எடுத்த படங்கள் ஏராளம். இன்று வெளியாகும் நூல்களிலும் இணையத்திலும், இந்தப் படங்களோடு மூன்று குழல் கோபுரத்தின் படமும் ‘1942’ என்னும் குறிப்போடு சேர்ந்து வருவதுண்டு. அது பொருந்தாது. மூன்று குழல் கோபுரங்கள் அங்கே போருக்குப் பின்னரே நிறுவப்பட்டன. அவை பழைய ‘பொல்தாவா’ போர்க்கப்பலிலிருந்து கழற்றப்பட்டவை. அக்கப்பலின் மற்ற இரண்டு கோபுரங்கள் 1930களில் விளாடிவோஸ்தோக்கின் ரஸ்கி தீவுக்குப் போயின. ஆகவே பொல்தாவாவின் மூன்று குழல் கோபுரம் ஒன்று தரையில் நிற்கும் போர்க்காலப் படம் கிடைத்தால், அது கருங்கடலோரம் அன்று; பசிபிக் கரையோரம். மூன்று வரை எண்ணத் தெரிந்த ஒரு சிறுவன் ஒரு நூலாசிரியரின் படக்குறிப்பைத் திருத்திவிடலாம்.

அதே செவஸ்தபோலை நோக்கி எசனிலிருந்தும் ஒரு பீரங்கி போயிற்று. குருப் ஆலை உருவாக்கிய ‘டோரா’வின் வாய்விட்டம் 80 சென்ரிமீற்றர், முழு எடை ஏறத்தாழ 1350 தொன், கொங்கிறீற்றைத் துளைக்கும் அதன் எறிகணை ஒன்று 7 தொன்னுக்கு மேல். 1942 யூனில் அது 48 எறிகணைகளை அக்கோட்டைகளின் மீது வீசியது. 35ஆம் படைநிலையைக் காத்தவர்கள், எறிகணைகள் தீர்ந்தபின், யூலை முதல்நாள்களில் தம் கோபுரங்களைத் தாமே வெடிவைத்துத் தகர்த்தனர். மீட்கக் கப்பல் வராதா என்று அந்த முனையில் பல்லாயிரம் பேர் காத்து நின்றனர். சிலருக்கே கப்பல் கிடைத்தது. கடலை முன்னால் வைத்துக்கொண்டு, பின்னால் நெருங்கிவரும் எறிகணைச் சத்தத்தைக் கேட்டு நிற்பது என்னவென்று உங்களுட் பலருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு வரலாறு இதனினும் விந்தையானது. ஆங்கிலக் கால்வாயிலுள்ள குவேர்ன்சித் தீவில் எடுக்கப்பட்ட போர்க்காலப் படம் ஒன்றில், சிறிய நாட்டுப்புற வீடு ஒன்று தெரிகிறது. சன்னல்களும் உண்டு. ஆனால் அந்த வீட்டின் நடுவிலிருந்து நீண்ட பீரங்கிக் குழல் ஒன்று வெளிவருகிறது. சன்னல்கள் வெறும் வண்ணப் பூச்சு. சுவர்கள் கவசத் தகடு. ஆகாயத்திலிருந்து படமெடுக்கும் பகைவரை ஏமாற்றவே இந்த வேடம்.

அக்குழல் எங்கிருந்து வந்தது? கருங்கடலோர நிக்கொலாயெவ் நகரில் கட்டப்பட்டு 1917இல் முடிவுற்ற ‘மூன்றாம் அலெக்சாந்தர் பேரரசர்’ என்னும் போர்க்கப்பலிலிருந்து. அக்கப்பலில் 305 மில்லிமீற்றர் குழல்கள் பன்னிரண்டு இருந்தன. புரட்சியில் அதன் பெயர் ‘வோல்யா’ என்று மாறியது; உள்நாட்டுப் போரில் ‘ஜெனரல் அலெக்செயெவ்’ ஆயிற்று. 1920 நவம்பரில் தோற்றுப்போன வெள்ளைப் படையினரையும் அவர்தம் குடும்பங்களையும் ஏற்றிய கப்பல்களோடு கிரிமியாவை விட்டு வெளியேறி, தூனிசியாவின் பிசேர்த்தே துறைமுகத்தில் ஒதுங்கியது. அங்கே 1930களில் கப்பல் இரும்புக்காக உடைக்கப்பட்டது. பிரெஞ்சுக்காரர் குழல்களை மட்டும் சேமித்து வைத்தனர். 1940இன் தொடக்கத்தில் சோவியத் படையெடுப்பை எதிர்த்து நின்ற பின்லாந்துக்கு அவற்றை வழங்கினர். எட்டுக் குழல்கள் போய்ச் சேர்ந்தன. நான்கைச் சுமந்த ‘நீனா’ என்னும் கப்பல் நோர்வேயின் பேர்கன் துறைமுகத்தில் நின்றபோது, 1940 ஏப்ரலில் ஜேர்மனியர் கையில் அகப்பட்டது.

அந்த நான்கு குழல்களும் நமது எசனுக்கு வந்தன. குருப் ஆலை அவற்றைப் புதுப்பித்தது. பின்னர் அவை குவேர்ன்சிக்குக் கொண்டுசெல்லப்பட்டன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 50 தொன் எடை. கப்பலின் பெயரால் முதலில் ‘நீனா’ என்றும், பிறகு, கொல்லப்பட்ட கடற்படை அதிகாரி ஒருவரின் பெயரால் ‘மீருஸ்’ என்றும் அப்படைநிலை அழைக்கப்பட்டது. ஜேர்மனியர் கைப்பற்றிய ஆயுதங்களின் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் ஒரு சிற்றெழுத்தை இடுவது வழக்கம். ‘ஆர்’ என்றால் ரஷ்யம், ‘எப்’ என்றால் பிரெஞ்சு. அகதியின் அடையாள அட்டையில் பிறந்த நாட்டைக் குறிப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பின்லாந்துக்குப் போன எட்டுக் குழல்களின் கதையும் சுவையானது. 1941 டிசம்பரில் ஹாங்கோ முனையை விட்டு விலகிய சோவியத் படையினர் தம் புகையிரதப் பீரங்கிகளைத் தாமே நாசமாக்கிச் சென்றனர். அவற்றின் குழல்கள், 1916இல் செவஸ்தபோல் துறைமுகத்தில் வெடித்து மூழ்கிய ‘பேரரசி மரியா’ என்னும் கப்பலினுடையவை. பின்லாந்தவர் அந்த வண்டிகளைத் திருத்தி, ‘அலெக்செயெவ்’ கப்பலின் குழல்களைப் பொருத்தினர். இரண்டும் ஒரே வகுப்பைச் சேர்ந்த கப்பல்கள். மூத்தவளின் வண்டியில் இளையவளின் குழல் அச்சொட்டாகப் பொருந்தியது. போருக்குப் பின் அவை சோவியத் ஒன்றியத்துக்குத் திரும்பின. இன்று மொஸ்கோவிலும் சென் பீற்றர்ஸ்பேர்க்கிலும் காட்சிக்கு நிற்கின்றன. அவற்றின் முன் எடுத்த ஒரு படத்தைக் காட்டி, ‘இது யாருடைய பீரங்கி’ என்று வினவினால், குழலுக்கு ஒரு விடை, வண்டிக்கு ஒரு விடை, சுட்ட கைக்கு வேறு விடை. மூன்றையும் பிரித்துச் சொல்பவரே நேர்மையான சாட்சி.

இது தொலைநாட்டுக் கதை என்று எண்ண வேண்டாம். 1914 செப்ரெம்பர் 22ஆம் நாள் இரவில் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்க் குதங்களை எரியச்செய்த ‘எம்டன்’ கப்பலின் 10.5 சென்ரிமீற்றர் பீரங்கிகள் குருப்பின் ஆக்கம். கெட்டிக்காரனையும் தந்திரக்காரனையும் ‘எம்டன்’ என்று நம் பெரியவர்கள் அழைத்தது அந்த இரவின் எதிரொலி. அதே எம்டன், ஒக்ரோபர் 28ஆம் நாள் விடியலில், தமிழர் பலர் உழைத்து வாழ்ந்த பினாங்குத் துறைமுகத்துள் நுழைந்து, ‘ஜெம்சுக்’ என்னும் ரஷ்யப் போர்க்கப்பலை மூழ்கடித்தது. எண்பதுக்கும் மேற்பட்ட ரஷ்ய மாலுமிகள் மாண்டனர். எம்டனுக்குப் புகைபோக்கிகள் மூன்று. அன்று போலியாக நான்காவது ஒன்றை எழுப்பியிருந்தது. எண்ணிப் பார்த்தவர்கள் அதனை ஆங்கிலக் கப்பலென்றே நம்பினர். எண்ணுவது நல்லது, எண்ணுவதோடு நிறுத்துவது ஆபத்து. அவுஸ்திரேலியாவிலுள்ள உறவினர்கள் சிட்னியின் ஹைட் பூங்காவுக்குப் போனால் எம்டனின் பீரங்கி ஒன்றைக் காணலாம். பின்பக்கம் சென்று எசனின் ஆப்பைத் தேடிப் பாருங்கள்.

உறவுகளே, பீரங்கியின் படத்தில் இடம்பெறாதவர்களையும் நாம் நினைக்க வேண்டும். குவேர்ன்சியின் கொங்கிறீற்றை ஊற்றியோருள் பல நாடுகளிலிருந்தும் கொண்டுவரப்பட்ட கட்டாயத் தொழிலாளர் இருந்தனர். எசனின் ஆலைகளிலும் பல்லாயிரவர் அவ்வாறே உழைத்தனர். 1944இல் ஏறத்தாழ 520 யூதப் பெண்கள் இந்நகரின் ஹும்போல்ற் வீதி முகாமில் அடைக்கப்பட்டுக் குருப்பின் ஆலையில் வேலை வாங்கப்பட்டனர். தப்பியோடிய சிலரை எசன் மக்கள் சிலர் உயிரைப் பணயம் வைத்து ஒளித்துக் காத்தனர். 1948இல் நூரன்பேர்க் நீதிமன்றம் அல்பிரீட் குருப்புக்குப் பன்னிரண்டு ஆண்டுச் சிறை விதித்தது; 1951இல் அவர் விடுதலையானார். பீரங்கி செய்த நகரும் தப்பவில்லை. 1943 மார்ச் 5ஆம் நாள் இரவின் குண்டுவீச்சில், பேராலயமான மின்ஸ்ரரும் பெருஞ்சேதமுற்றது. ஆயிரமாண்டு பழைமையான நமது பொன் மாதா சொரூபம் முன்னரே வெளியே எடுத்துச் செல்லப்பட்டதால் பிழைத்தது.

இப்போது நான் சொல்வதாகக் கூறிய இரண்டாம் காரணத்துக்கு வருகிறேன்.

நம் நாட்டுப் போரில் நாம் ‘ஷெல்’ என்றே அழைத்த எறிகணைகளை ஏவிய பெரும் பீரங்கிகளுள், சோவியத் வடிவமைப்பைத் தழுவிச் சீனா உருவாக்கிய 130, 152 மில்லிமீற்றர் வகைகள் உண்டு. அந்த 130 என்னும் வாய்விட்டமே ரஷ்யக் கடற்படை முதல் உலகப் போருக்குச் சற்று முன் தெரிந்தெடுத்த அளவுதான். 1996இல் முல்லைத்தீவிலும் 2000இல் ஆனையிறவிலும் பீரங்கிகள் கைமாறின. குழலைக் கொண்டு சுட்ட கையைச் சொல்ல முடியாது என்னும் குவேர்ன்சியின் பாடம் அங்கும் பொருந்தும். 1999 நவம்பர் 20ஆம் நாள் மடுத் திருப்பதியில், மாதாவின் நிழலில் தஞ்சம் புகுந்திருந்த மக்கள் மீது எறிகணைகள் விழுந்தன. குழந்தைகள் உட்படப் பலர் மாண்டனர். ஏவியது யார் என்பதில் இரு தரப்பும் மற்றத் தரப்பையே சாட்டின. இத்தகைய வேளையில், எந்தத் திசையிலிருந்து வந்தது, எத்தனை மணிக்கு, நிலத்தில் குழி எப்படி இருந்தது, எடுத்த துண்டின் தடிப்பு என்ன என்று குறிக்கப்பட்ட ஒரு படம், ஆயிரம் கண்ணீர் உரைகளை விடப் பெறுமதியானது.

அதற்கு நேர்மாறானதையும் நாம் காண்கிறோம். ஒவ்வோர் ஆண்டும் நினைவுநாள்கள் நெருங்கும்போது கைத்தொலைபேசிகளில் படங்கள் பறக்கின்றன. அவற்றுள் வேறு நாட்டுப் போரின் படங்களும் நம்முடையவை என்னும் குறிப்போடு கலந்துவிடுகின்றன. அனுப்புவோரின் துயரம் உண்மையானது, நோக்கமும் தீயதன்று. ஆனால் ஒரு படம் பொய்யென்று நிறுவப்பட்டால், அதன் அருகில் இருக்கும் ஒன்பது உண்மைப் படங்களையும் மறுக்க விரும்புவோர்க்கு அது போதும். எட்டாம் கட்டளை தடுக்கும் பொய்ச்சாட்சி, பகைவனுக்கு எதிராக மட்டுமன்று, நமக்கு ஆதரவாகச் சொல்லப்படும்போதும் பொய்ச்சாட்சியே. நம்மவர் இறந்தது உண்மை. அந்த உண்மைக்கு இரவல் படம் தேவையில்லை.

ஆகவே உங்கள் பங்குத்தந்தையாக ஒரு வேலையைத் தருகிறேன். உங்கள் வீட்டு அலுமாரியில், பழைய பயணப்பையில், திருமண அல்பத்தின் கடைசித் தாளுக்குள் இருக்கும் படங்களை வெளியே எடுங்கள். ஒவ்வொன்றின் பின்புறத்திலும் மென்மையான பென்சிலால் எழுதுங்கள்: எந்த ஊர், எந்த ஆண்டு, யார் எடுத்தது, யார் நிற்பது, யாரிடமிருந்து உங்கள் கைக்கு வந்தது. நீங்கள் கண்ணால் கண்டதையும் பிறர் சொல்லக் கேட்டதையும் தனித்தனி வரிகளில் எழுதுங்கள். படத்தின் ஓரத்தை வெட்டி அழகாக்காதீர்கள். வெட்டப்பட்ட ஓரத்தில்தான் ஒரு மரமோ, ஒரு கோபுரமோ, ஊரை அடையாளம் காட்டும் ஒரு மதிலோ இருந்திருக்கும். கைத்தொலைபேசியில் வரும் படம் எங்கிருந்து வந்தது என்று தெரியாவிட்டால் அதனை மேலும் அனுப்பாதீர்கள். உங்கள் பிள்ளைகளை அருகில் இருத்தி இதனைச் செய்யுங்கள். அவர்களுக்குத் தமிழ் எழுதக் கடினமாக இருந்தால் ஜேர்மன் மொழியிலேயே எழுதட்டும். நீங்கள் சொல்ல, அவர்கள் எழுதட்டும்.

வீட்டில் எழுபது வயதைக் கடந்தவர்கள் இருப்பின் இந்தக் கிழமையே தொடங்குங்கள். படத்தில் நிற்பவரின் பெயரைச் சொல்லத் தெரிந்த கடைசி ஆள் அவராக இருக்கக்கூடும்.

குவேர்ன்சியிலும் செவஸ்தபோலிலும் எசனிலும் மடுவிலும் முள்ளிவாய்க்காலிலும் பீரங்கிகளுக்கு இரையான அனைவரையும், சுட்டவர்களையும் சுடப்பட்டவர்களையும், இவ்வாரத் திருப்பலியில் நினைவுகூர்வோம். மடு மாதா உங்கள் குடும்பங்களைக் காப்பாராக.

இறையாசீருடன்,
உங்கள் பங்குத்தந்தை
எசன்